களையும் விருந்தாளியும்: வீட்டுத் தோட்டத்தில் எதைப் பிடுங்குவது, எதைத் தொடாமல் விடுவது?

(வீட்டுத் தோட்டம் வளர்ப்போருக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டம் என்றதும் பெரும்பாலும் விதை, உரம், அறுவடை பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் தோட்டம் போட்டு ஆறு மாதம் ஆனவர்களிடம் கேட்டுப் பாருங்க. "கோரை போகவே மாட்டேங்குது", "நத்தை கீரையைத் தின்னுடுச்சு", "குரங்கு மாடியை விட்டு இறங்க மாட்டேங்குது", "போன வாரம் ஒரு பாம்பு வந்துச்சு" என்று நாலும் சேர்ந்து வரும். இந்த நாலையும் நாலு தனிப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். களைக்கு ஒரு மருந்து, எலிக்கு ஒரு மருந்து, பாம்புக்கு ஒரு பவுடர் என்று கடைக்கும் போகிறோம்.

உண்மையில் இது ஒரே சங்கிலி. கோரையும் புல்லும் அடர்ந்த ஈரமான மூலையில் நத்தையும் தவளையும் தங்கும். அதே மூலையில் எலி வளை போடும். எலியும் தவளையும் இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். பிறகு ஒருநாள் சாயங்காலம், வெறுங்கையோடு அந்தப் புல்லை விலக்கிக் களை எடுக்க நாம் உட்காருகிறோம். விபத்து அங்கேதான் நடக்கிறது. அதனால் இன்றைக்கு இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் வெட்டுவது, எந்தக் கண்ணியில் கைவைக்காமல் அரசுத் துறையைக் கூப்பிடுவது என்பதை மட்டும் பேசலாம்.

கோரை: இலை அல்ல, கிழங்குதான் களை

கோரையை இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். அதுதான் ஏமாற்று. மேலே வருவது இலை மட்டும். கீழே கிழங்கு அப்படியே இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று மண்ணுக்குள் சரம் கோத்த மாதிரி இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்கிறார்களே, அதேதான். இழுக்கும்போது சரம் அறுந்துவிட்டால் தனித்தனியாக நின்ற கிழங்குகள் ஒவ்வொன்றும் முளைக்க ஆரம்பிக்கும். ஒரு கோரையைப் பிடுங்கிய இடத்தில் பத்து நாளில் மூன்று நிற்பது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

முதலில், மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் ஓரத்தில் நெம்பி, மண்ணோடு சேர்த்துக் கிழங்கைத் தூக்குங்க. மண்வெட்டியால் கொத்திக் கொத்தித் துண்டு போட வேண்டாம். எடுத்த கிழங்கைச் சிமெண்ட் தரையில் பரப்பி நல்ல வெயிலில் சருகாகும்வரை காய வையுங்க. காய்ந்த கிழங்கு முளைக்காது. பங்குனி, சித்திரை வெயில் இதற்குத் தோதானது. பச்சைக் கிழங்கை மட்டும் கம்போஸ்ட் தொட்டியில் போட்டுவிடாதீங்க. அடுத்த பருவத்தில் உரத்தோடு சேர்ந்து தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

இரண்டாவது, விட்டுப்போன கிழங்குகள் முளைக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. புது இலை வெயிலில் உணவு தயாரித்துக் கீழே புதுக் கிழங்கு கட்டுவதற்குள் நாம் எடுத்துவிட்டால் சேமிப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் 15 நாளைக்கு ஒருமுறை என்று செல்போனில் அலாரம் வையுங்க. மாதக்கணக்கில் விடாமல் செய்தால் பலன் தெரியும். ஒரே நாளில் முழுத் தோட்டத்தையும் புரட்டிப்போட்டுவிட்டு மூன்று மாதம் மறந்துவிடுவதைவிட, 15 நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் உட்காருவது பல மடங்கு மேல்.

மூன்றாவது, நிழல். கோரைக்கும் அருகுக்கும் முழு வெயில் வேண்டும். நிழல் ஆகவே ஆகாது. அந்த இடத்தில் சர்க்கரைவள்ளி, பூசணி, தட்டைப்பயறு மாதிரி தரையை மூடிப் படரும் பயிரைப் போடுங்க. கறுப்புப் பாலிதீன் விரித்தால் போதுமா என்று கேட்பீங்க. மற்ற களைகளுக்குப் போதும். கோரையின் கூர்மையான குருத்து பாலிதீனையே குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். இரண்டு மூன்று அடுக்கு அட்டைப் பெட்டியை விரித்து, அதன்மேல் காய்ந்த இலைச்சருகைக் கனமாகப் போட்டால் ஓரளவு அடங்கும்.

இன்னொன்று, கோரை நம் வீட்டுக்கு வரும் வழியைப் பாருங்க. பெரும்பாலும் வெளியிலிருந்து கொட்டிய ஒரு லோடு மண்ணிலும், மக்காத எருவிலும், நர்சரித் தொட்டியிலும்தான் வருகிறது. புது மண் வந்தால் உடனே பாத்தியில் பரப்பாமல், ஓரமாகக் குவித்துத் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வைத்துப் பாருங்க. கோரை இருந்தால் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பார்த்தீனியம்: பூக்கும் முன் பிடுங்க வேண்டியது

காலி மனை பக்கத்தில் இருந்தால் இந்தச் செடியும் உங்கள் வேலிக்குள் வரும். கேரட் இலை மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. 1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய அயல்நாட்டுச் செடி இது. ஒரே செடி 10,000-க்கும் மேல் விதை உதிர்க்கக் கூடியது. தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பும் கொப்புளமும் வரும். மகரந்தம் மூக்கில் போனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்குத் தொந்தரவு அதிகமாகும்.

இதற்குக் கோரை மாதிரி கிழங்கு கிடையாது. எனவே மழை பெய்த மறுநாள், பூ வைப்பதற்கு முன்பு, வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. கட்டாயம் கையுறையும் முகக்கவசமும் போடுங்க. ஒவ்வாமை இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்க. பூத்த செடியை இழுத்து உதறாதீங்க. விதை அங்கேயே கொட்டும்.

பாட்டிலில் இருக்கும் குறுக்குவழி

"உப்பு, வினிகர், சோப்புத் தண்ணீர், மூன்றையும் கலந்து அடிங்க, களை காலி" என்று ஒரு வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அடித்த மறுநாள் இலை கருகுவது உண்மைதான். ஆனால் கோரைக் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. கொட்டிய உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் கத்திரியும் வராது, தக்காளியும் வராது. நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கும் புல்லுக்கு வேண்டுமானால் கொதிக்கும் தண்ணீரைக் கவனமாக ஊற்றலாம்.

அடுத்தது கடையில் கிடைக்கும் களைக்கொல்லி. அதிகம் பேர் கேட்பது கிளைபோசேட். அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கான உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. காய்கறித் தோட்டத்தில் நாமே ஸ்பிரேயர் தூக்கி அடிக்கும் பொருள் அல்ல அது. அது களையையும் காய்கறியையும் பிரித்துப் பார்க்காது. காற்றில் ஒரு சாரல் அடித்தால் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் மிளகாயும் போய்விடும்.

எலி மருந்து இன்னும் ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பேஸ்ட் கல்லீரலைச் சிதைக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததன் காரணம் இதுதான். எங்காவது ஒரு பெட்டிக்கடையில் கிடைத்தாலும் வாங்காதீங்க. வீட்டில் பழையது கிடந்தால் குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்க. எந்த மருந்தாக இருந்தாலும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தோட்டத்தில் ஓடியாடி வரும் பிள்ளை தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும்.

நத்தை: தொடாமல் பிடிப்பது எப்படி?

மழைக்காலத்தில் கைப்பிடி அளவு ஓட்டோடு சுவரில் ஏறுவது நம்ம ஊர் நத்தை இல்லை. ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கீரை, பப்பாளி, வாழைக்கன்று எதையும் விடாது. ஒரே முறையில் 100-க்கும் மேல் முட்டை இடும். வறட்சி வந்தால் ஓட்டை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கி, மழை பெய்ததும் எழுந்து வரும்.

இதன் உடலில் மனித மூளையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். அதனால் வெறுங்கையால் தொட வேண்டாம், பிள்ளைகள் விளையாடவும் விட வேண்டாம். சாயங்காலம் ஒரு சாக்கை நனைத்து விரித்து, அதன் கீழே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போடுங்க. காலையில் பார்த்தால் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறை போட்டு அல்லது இடுக்கியால் எடுத்து, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போடுங்க. அந்த உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டாமல், செத்த நத்தைகளை மட்டும் குழிதோண்டிப் புதைத்துவிடுங்க. மண்ணைக் கிளறும்போது மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிர்மஞ்சள் உருண்டைகள் கொத்தாகக் கிடைத்தால் அது முட்டை. அதையும் சேர்த்து எடுங்க. தோட்டத்துக் கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்க.

நத்தைக்கு என்று விற்கும் மெட்டால்டிஹைடு குருணையை நாய், பூனை இருக்கும் வீட்டில் தூவாதீங்க. நாய் அதை விரும்பித் தின்னும். தின்றால் வலிப்பு வந்து உயிர் போகலாம்.

குரங்கு, மயில்: சாப்பாட்டு வாசலை மூடுங்க

குரங்கு நம்மைப் பிடித்து வரவில்லை. தட்டில் வைத்த பழத்தைப் பிடித்து வருகிறது. ஒருமுறை கையால் கொடுத்தால், மறுநாள் கொடுக்காதவர் கையிலிருந்து பிடுங்கும். தெருவில் ஒரே ஒரு வீடு சோறு வைத்தாலும் மற்ற எல்லா வீட்டு மாடித்தோட்டமும் பாதிக்கப்படும். எனவே இதைத் தெருக்காரர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்க. பழுக்கும்வரை காத்திருக்காமல் செங்காயாகவே பறித்துவிடுங்க. குரங்கு எதிரே நின்றால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், மெதுவாகப் பின்வாங்குங்க. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம்.

மயில் நாற்றைக் கொத்துகிறது என்பது பல மாவட்டங்களில் கேட்கும் புகார். மயில் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால், விஷம் வைத்தால், குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. நாற்றைத் தட்டில் வளர்த்து நான்கைந்து இலை வந்த பிறகு நடுங்க. நட்ட பாத்திக்குச் சில வாரம் வலை போடுங்க. வலையை மட்டும் தொளதொளவென்று தரையில் புரள விடாதீங்க. மெல்லிய நைலான் வலையில் பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும். சிக்கியதை எடுக்கப்போய் நமக்குக் கடி விழும். தரையிலிருந்து ஒரு சாண் மேலே, இழுத்துக் கட்டிய வலையே நல்லது.

மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலாவும் வாழையும் பழுக்கும் வாசனைக்கு யானை வரும். பழம் பழுப்பதற்கு முன்பே இறக்கிவிடுங்க. வந்துவிட்டால் டார்ச் அடிப்பது, பட்டாசு வெடிப்பது, செல்ஃபி எடுப்பது எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்க. உங்கள் வனச்சரக அலுவலக எண்ணை இன்றைக்கே கேட்டு வாங்கிப் போனில் பதிந்துகொள்ளுங்க. யானை வாசலில் நிற்கும்போது தேட முடியாது.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அது பன்றியையும் யானையையும் மட்டும் அல்ல, விடிகாலையில் பால் வாங்கப் போகிற பக்கத்து வீட்டுக்காரரையும் கொல்லும். சூரியசக்தி வேலிக்கும் 2023-ஆம் ஆண்டு வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள் இருக்கின்றன. அதை வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்க.

பாம்பு: கையை எடுங்க, போனை எடுங்க

இப்போது சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு வருவோம்.

தோட்டத்தில் அதிகம் கண்ணில் படுவது சாரைப்பாம்பு. விஷம் கிடையாது. எலியைத் தின்று நமக்கு வேலை செய்துகொடுக்கிறது. நம் ஊரில் உயிரிழப்புக்கு முக்கியக் காரணமாக இருப்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ஆனால் இருட்டில், புல்லுக்குள் பாதி தெரியும் உடம்பைப் பார்த்து எது எது என்று நாம் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. எந்தப் பாம்பானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தூரத்தில் நின்று அது போகும் திசையைக் கவனித்துக்கொண்டு, தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101 அல்லது 112-இல் கூப்பிடுங்க. அடிக்கப்போகும்போதும் பிடிக்கப்போகும்போதும்தான் பலர் கடிபடுகிறார்கள். பாம்பைக் கொல்வது வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட.

"சிறியாநங்கை வச்சா பாம்பு வராதாமே?" என்று கேட்காத கூட்டமே இல்லை. பூண்டு, கார்பாலிக் அமிலம், பாம்பு விரட்டும் பவுடர் என்று பட்டியல் நீளும். இவை பாம்பை நிறுத்தும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. கார்பாலிக் அமிலம் நம் தோலைத்தான் சுடும். அந்தக் காசுக்கு ஒரு ஜோடி கனமான கையுறையும், முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும், ஒரு நல்ல டார்ச்சும் வாங்கலாம். புல்லைக் கையால் விலக்காமல், முதலில் நீளக் கழியால் தட்டிவிட்டு, பிறகு களைக்கொத்தால் வேலை செய்யுங்க. செங்கல் குவியல், தேங்காய் மட்டை, விறகு இவற்றைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. வீட்டுச் சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்காவது புல் இல்லாமல் வெறுந்தரையாக வையுங்க. கோழித்தீவனத்தையும் நாய்ச்சோற்றையும் இரவில் வெளியே விட்டால் எலி வரும். எலி வந்தால் மற்றது தானாக வரும்.

இவ்வளவும் செய்தும் கடித்துவிட்டால்?

பதறி ஓட வேண்டாம். ஓடினால் விஷம் வேகமாகப் பரவும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஒரு குச்சியோ அட்டையோ வைத்துத் தாங்கலாகக் கட்டுங்க. மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் வீங்கும் முன்பு கழற்றிவிடுங்க. 108-ஐக் கூப்பிடுங்க. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்க. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீங்க, பிளேடால் கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க, பச்சிலை வைத்து நேரத்தைக் கடத்தாதீங்க. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவையும் இல்லை. மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அது அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது. இரவில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தானாக மூடுகிறது, விழுங்க முடியவில்லை என்று சொன்னால், பல்தடம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்க.

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? இதைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு திரும்ப விடும் பாம்பால் நம் உயிர் காக்கப்படுகிறது. நாமோ தோட்டத்தில் சாரையைக்கூடக் கம்பால் அடித்துக்கொண்டிருக்கிறோம். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எந்த ஊரில் எவ்வளவு மருந்து தேவை என்று திட்டமிட அந்தக் கணக்கு உதவும். நாம் மருத்துவமனைக்குப் போனால்தான் அந்தக் கணக்கில் நம் ஊரும் வரும்.

போனில் இருக்க வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்க. 101, 108, 112, உங்கள் வனச்சரக அலுவலக எண், கிசான் கால் சென்டரின் இலவச எண் 1800 180 1551 ஆகியவற்றை எல்லோருக்கும் தெரியும் பெயரில் பதிந்துகொள்ளுங்க. வீட்டில் இருக்கும் அம்மா, தாத்தா போனிலும் பதிந்து கொடுங்க. பகலில் தோட்டத்தில் இருப்பது அவர்கள்தானே. உழவன் செயலி இல்லையென்றால் இறக்கிக்கொள்ளுங்க. பெயர் தெரியாத களையையும் பூச்சியையும் இலை, பூ, வேர் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, தோட்டக்கலை அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேளுங்க. போனில் ஏதோ ஒரு செயலி சொன்ன பெயரை மட்டும் நம்பி எந்தச் செடியையும் சமைக்கவும் வேண்டாம், எந்த மருந்தும் வாங்கவும் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முழுத் தோட்டத்தையும் சுத்தம் செய்ய முயல வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டிய அந்த மூன்றடியை மட்டும் முதலில் எடுங்க. பூட்ஸ், கையுறை போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே உட்காருங்க. கோரைக் கிழங்கைத் தோண்டி வெயிலில் போட்டுவிட்டு, அடுத்த 15-ஆம் நாளுக்கு அலாரம் வைத்துவிடுங்க.